எதிர்ப்பு ரகம் போட்டும் உளுந்து மஞ்சளாகிறதா? செடியைப் பார்த்தே காரணம் கண்டுபிடிக்கும் முறை

நெல் தரிசில் உளுந்து போட்டிருந்த ஒரு பெரியவர் வரப்பிலேயே என்னை நிறுத்திவிட்டார். "தம்பி, மஞ்ச நோய் வராத ரகம்னு சொல்லித்தானே குடுத்தாங்க? இங்க பாருங்க, எப்படி நிக்குதுன்னு." பிடுங்கி வைத்திருந்த செடியைக் கையில் கொடுத்தார். இலையெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வயலுக்குள் இறங்கி எண்ணியபோது 100 செடிக்கு 9 செடிதான் அப்படி இருந்தது. மிச்சம் 91 செடியும் கரும்பச்சை. மஞ்சள் செடியின் காயைத் தடவினால் சொரசொரவென்று மயிர். பச்சைச் செடியின் காயோ வழவழப்பு. ரகம் தோற்கவில்லை, மூட்டைக்குள் இரண்டு ரகம் இருந்திருக்கிறது.

அன்று எண்ணிப் பார்க்காமல் போயிருந்தால் அடுத்த பட்டத்தில் அவர் அந்த ரகத்தையே கைவிட்டிருப்பார். பழைய ரகத்துக்குத் திரும்பி, முழு வயலையும் மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய்க்குக் கொடுத்திருப்பார். இதுதான் எனக்குத் தாங்காத விஷயம். ஒரு காட்டு உளுந்துச் செடியில் இருந்த எதிர்ப்பை நாம் விதைக்கும் உளுந்துக்குள் கொண்டுவர பல வருட உழைப்பு தேவை. அதைத் தவறான காரணத்துக்காகத் தூக்கிப் போடக்கூடாது. எதிர்ப்பு ரகம் என்பது எல்லா நோய்க்கும் போட்ட வேலி கிடையாது. குறிப்பிட்ட ஒரு வைரசை, சில சமயம் அதன் ஒரு வகையை மட்டும் தடுக்கும் மரபணு அது. வயலில் நிற்பது அந்த வைரஸ்தானா என்பதுதான் முதல் கேள்வி.

வரப்பிலிருந்து பார்க்காதீர்கள்

வெயில் ஏறுமுன், காலை 6 மணிக்கெல்லாம் போங்கள். ஒரு லென்ஸ், ஒரு பிளேடு, நோட்டு, பேனா போதும். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் 20 செடி வீதம் 100 செடி எண்ணுங்கள். எத்தனை செடியில் அறிகுறி இருக்கிறது, அவை சிதறி நிற்கின்றனவா, ஒரு ஓரமாகவா, திட்டாகவா, மஞ்சள் முதலில் வந்தது கொழுந்திலா அடி இலையிலா என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வயலில் என்ன நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விதை மூட்டையின் அட்டையை அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள். வெள்ளை அட்டை ஆதார விதை, நீலம் சான்று விதை, பச்சை உண்மைநிலை விதை. அட்டையே இல்லாமல் வாங்கியது என்றால் அதையும் குறியுங்கள். பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

அறிகுறி: கொழுந்து இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டு, நடுவே பச்சைத் திட்டு

இது மஞ்சள் தேமல். இளம் இலையில் முதலில் கடுகளவு மஞ்சள் புள்ளி தோன்றும். அடுத்தடுத்து வரும் இலைகளில் புள்ளிகள் சேர்ந்து திட்டாகி, கடைசியில் இலை முழுவதும் மஞ்சளாகும். காய் சிறுத்து வளைந்து அதுவும் மஞ்சளாகும், உள்ளே பயறு சுருங்கியிருக்கும். முதல் 3 வாரத்துக்குள் பிடித்த செடியில் காயை எதிர்பார்க்கவே முடியாது. பூவெடுத்த பிறகு பிடித்தால் ஓரளவு மிஞ்சும்.

இந்தியாவில் பாசிப்பயறில் இந்த நோயைப் பற்றி 1960-இல் நரியானி எழுதினார். கிருமி ஜெமினி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மரபுப்பொருள் 'ஏ', 'பி' என்று இரண்டு வளைய டி.என்.ஏ. துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்து நீளம். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. நோய்ச் செடியில் சாறு குடித்த ஈ பல நாள் வரை போகிற செடியிலெல்லாம் வைரசை விட்டுச்செல்லும். இலையைக் கசக்கி இன்னொரு இலையில் தேய்த்தால் இது பரவாது. ஆகவே களை எடுக்கும்போது கைபட்டுப் பரவிவிட்டதோ என்ற பயம் வேண்டாம்.

மஞ்சள் தேமல்தான் என்று உறுதியாகிவிட்டால், எண்ணிக்கையும் இடமும்தான் காரணத்தைச் சொல்லும்.

*100-க்கு 3, 5, 10 செடி மட்டும், வயல் முழுக்கச் சிதறி, மற்றவை சுத்தமான பச்சை:* விதைக் கலப்பு. உளுந்து தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதனால் பூவில் நடக்கும் கலப்பைவிடக் களத்திலும் சாக்கிலும் நடக்கும் கலப்புதான் பெரிது. நேற்று ஒரு ரகம் அடித்த களத்தில் இன்று இன்னொன்றை அடித்தால் போதும். சான்று விதை வயலில் ஆயிரம் செடிக்கு 2 கலவனுக்கு (வேறு ரகச் செடிக்கு) மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உங்கள் வயலில் ஆயிரத்துக்கு 50, 90 என்று மஞ்சள் நின்றால் அந்த விதை விதியைத் தாண்டி எங்கோ கலந்திருக்கிறது. உறுதிசெய்ய மஞ்சள் செடியையும் பச்சைச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காயில் மயிர் உண்டா, தண்டின் நிறம், இலையின் வடிவம், பூவெடுத்த நாள் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். மஞ்சள் செடிகளெல்லாம் தங்களுக்குள் ஒரே மாதிரியும், பச்சைச் செடிகளிலிருந்து வேறாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உடனே பிடுங்கி வயலுக்கு வெளியே புதையுங்கள். வரப்பில் போட்டுவிட்டு வராதீர்கள். செடி வாடும்போது அதிலிருக்கும் ஈ பக்கத்துச் செடிக்குப் பறக்கும்.

*எல்லாச் செடியிலும் சின்னச் சின்னப் புள்ளி, ஆனால் கொழுந்து பச்சை, காயும் பச்சை:* பயப்பட ஒன்றுமில்லை. ரகம் தாங்கிக்கொண்டிருக்கிறது. 'எதிர்ப்பு' என்றும் 'தாங்குதிறன்' என்றும் நாம் கலந்து பேசுகிறோம், ஆனால் இரண்டும் வேறு. எதிர்ப்பு உள்ள செடியில் வைரஸ் பெருகவே முடியாது, அல்லது மிகக் குறைவாகப் பெருகும். தாங்கும் செடியில் வைரஸ் இருக்கும், விளைச்சல் மட்டும் பெரிதாகக் குறையாது. புள்ளி பெரிதாகிறதா என்று அடையாளம் கட்டிய 10 செடியில் 7 நாள் கழித்துப் பாருங்கள். அப்படியே நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இதிலேயே ஒரு அழகான வகை உண்டு. மஞ்சள் புள்ளி பரவாமல் அங்கேயே பழுப்பாகிக் கருகி நிற்கும். பார்க்க அசிங்கமாக இருப்பதால் பலர் இதைத்தான் மோசமான நோய் என்று நினைத்து அந்தச் செடியைப் பிடுங்குகிறார்கள். உண்மையில் அது செடியின் எதிர்ப்பு. வைரஸ் நுழைந்த இடத்துத் திசுவைச் செடி தானே சாகவிட்டு, வைரசை அதோடு அடைத்துவிட்டது. விதைக்கு எடுக்க வேண்டிய செடி அதுதான்.

*ஒரு பக்கம் மட்டும் மஞ்சள், உள்ளே போகப் போகக் குறைகிறது:* வெள்ளை ஈ அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பக்கத்தில் பழைய ரகமோ, முற்றிய பாசிப்பயறோ, கத்தரியோ, களை மண்டிய தரிசோ இருக்கும். எதிர்ப்பு ரகமானாலும் அதன் மேல் ஆயிரக்கணக்கில் வைரஸ் சுமந்த ஈ வந்து இறங்கினால், நடுத்தர எதிர்ப்பு உடையவை ஓரத்தில் தடுமாறும். வரப்போரம் 2 வரிசை மக்காச்சோளம் விதைப்பதும், ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பதும், முதல் 30 நாள் வரை நோய்ச் செடியைக் கண்டவுடன் பிடுங்குவதும் இந்த நிலைக்குத்தான் உதவும். 30-ஆம் நாளில் 10 சதவீத நொச்சி இலைச் சாறு தெளிக்கச் சொல்வதும் உண்டு. மருந்து அடிப்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஈ சாவதற்குள் வைரசைச் செடிக்குள் விட்டிருக்கும்.

*ஒரு செடி விடாமல் முழு வயலும் மஞ்சள்:* இரண்டே கேள்வி. போட்டது உண்மையிலேயே எதிர்ப்பு ரகமா? அது எந்த ஊர் வைரசுக்கு எதிர்ப்பு?

முதல் கேள்விக்கு ஓர் உதாரணம். எம்.டி.யூ. 1 உளுந்தைப் பலர் தேடிப் போடுகிறார்கள். ஆட்டுக்கல்லில் போட்டால் மாவு பொங்கிவரும், இட்லி பஞ்சாக இருக்கும். ஆனால் அந்த ரகத்துக்கு மஞ்சள் தேமலைத் தடுக்கும் சக்தி இல்லை. கோ 5 என்ற உளுந்து ரகத்தையும் நோய் எளிதில் பிடிக்கும். ஆராய்ச்சி வயல்களில் நோயை வரவழைப்பதற்கென்றே அதை நடுவது உண்டு. மாவுக்காக எம்.டி.யூ. 1 போடுகிறவர் தெரிந்தே போட வேண்டும், கோடையில் ஈ பெருகும் சமயத்தைத் தவிர்க்க வேண்டும். மாவு பொங்கும் குணத்தையும் எதிர்ப்பையும் ஒரே செடியில் சேர்க்கும் கலப்பு வேலைகள் நடந்துவருகின்றன. அது வயலுக்கு வந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். நாம் 'மஞ்சள் தேமல்' என்று ஒரே பெயரில் சொல்வது குறைந்தது இரண்டு வைரசுகளின் வேலை. வட இந்தியாவில் பெரும்பாலும் பாசிப்பயறு மஞ்சள் தேமல் இந்திய வைரஸ், தெற்கே பெரும்பாலும் பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ். பெயரில் ஒரு சொல் வித்தியாசம், செடிக்கோ பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டு உளுந்தில் ஒரே 'ஏ' துண்டோடு பல வகை 'பி' துண்டுகள் சேர்ந்து இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கான்பூரிலோ லூதியானாவிலோ சுத்தமாக நின்ற ரகம் புதுக்கோட்டையிலும் அப்படியே நிற்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. வடக்கிலிருந்து வரும் விதையை ஏக்கர் கணக்கில் போடுமுன் 2 சென்ட்டில் போட்டுப் பாருங்கள். நம் ஊருக்கு என்று சோதித்தவை வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையத்து ரகங்கள். அவற்றில் வம்பன் 6, வம்பன் 7 இரண்டிலும் காட்டு உளுந்தின் ரத்தம் ஓடுகிறது. வம்பன் 8, 10, 11 பிறகு வந்தவை.

அறிகுறி: மஞ்சள்தான், ஆனால் நரம்பு மட்டும் பச்சை

திட்டுத்திட்டாக இல்லாமல், நரம்புகள் பச்சைக் கோடாகவும் இடைப்பகுதி ஒரே சீராக வெளிறியும் கொழுந்தில் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும், தண்ணீர் தேங்கிய பள்ளத்திலும் அதிகம். அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை, செடியைப் பிடுங்கி வேர்முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சத்துக் குறை ஒரு திட்டு முழுக்க எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி வரும். வைரஸ் பக்கத்துப் பக்கத்துச் செடியில்கூட ஒன்றில் வரும், ஒன்றில் வராது. 100 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ இரும்பு சல்பேட் கரைத்து 10 செடியில் மட்டும் தெளித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் புது இலை பச்சை பிடித்தால் ரகத்தின் மேல் குற்றமே இல்லை.

அறிகுறி: இலை பெரிதாகி, கசங்கிய காகிதம் போல

மஞ்சள் இருக்காது. மூவிலை வழக்கத்தைவிடப் பெரிதாக, தடித்து, சுருக்கம் விழுந்திருக்கும். பூங்கொத்து உருமாறிப் புதர் போல் ஆகும், காய் அரிதாகவே பிடிக்கும். மற்ற செடிகள் காய்ந்து அறுவடைக்கு நிற்கும்போது இவை மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும். இதை நல்ல செடி என்று நினைத்து விதைக்கு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். உளுந்து இலை நெளிவு நோய் விதை வழியாகப் போகிறது. மஞ்சள் தேமலுக்கான மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்டவுடன் பிடுங்குங்கள், அந்த வயலில் விதை எடுக்காதீர்கள். இதற்கு வேறு குறுக்கு வழி கிடையாது.

அறிகுறி: இலை விளிம்பு கீழ்நோக்கி வளைகிறது, நரம்பு செம்பழுப்பு, நுனி கருகுகிறது

இலையைத் திருப்பி அடிப்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நரம்புகள் செம்பழுப்பாக ஓடும், காம்பிலும் அந்த நிறம் இறங்கியிருக்கும். இலையை லேசாகத் தட்டினால் காம்போடு உதிரும். இளம் செடியானால் நுனி கருகிச் சாகும். இது இலைச்சுருள் நோய், நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கும் அதே வைரஸ். பரப்புவது இலைப்பேன். கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் ஊசிமுனை அளவு மஞ்சள் பூச்சிகள் ஓடும்.

வம்பன் ரகத்தில் இது வந்துவிட்டது என்று சொல்லி ஒரு தோழி தன் வயல் படத்தை அனுப்பினார். அது மஞ்சள் தேமலே இல்லை என்பதால் அந்த ரகத்தின் எதிர்ப்பைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. பூட்டியது வாசற்கதவை, திருடன் வந்தது கொல்லைப்புறமாக.

அறிகுறி: தட்டைப்பயறில், பீன்ஸில் இளம்பச்சை, கரும்பச்சைத் தேமல்

இங்கே குடும்பமே மாறுகிறது. இவை ஆர்.என்.ஏ. வைரசுகள், பரப்புவது அசுவினி. அசுவினி சில விநாடி இலையைக் குத்திப் பார்த்தாலே வைரஸ் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியைக் குத்தினால் இறங்கிவிடும். மருந்து பட்டுச் சாவதற்குள் அது வேலையை முடித்திருக்கும். இந்த நோய்களில் பூச்சிமருந்துக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண் என்றுதான் நான் சொல்வேன்.

கண்டுபிடிக்க எளிய குறிப்பு: முளைத்து வந்த முதல் மூவிலையிலேயே தேமல் இருந்தால் வைரஸ் விதைக்குள்ளிருந்து வந்தது. செடி நன்றாக வளர்ந்து, பிறகு மேல் இலையில் மட்டும் தேமல் வந்தால் அசுவினி கொண்டுவந்தது. முதல் வகைச் செடி வயலில் 100-க்கு ஒன்று இருந்தாலும் போதும், அதிலிருந்து அசுவினி மீதிக்குக் கொண்டுபோகும். நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பீன்ஸ் போடுகிறவர்கள் சொந்த விதை எடுத்து வைத்தால், 100 விதையைத் தட்டில் முளைக்கவிட்டு முதல் மூவிலை வரும்வரை காத்திருந்து பார்ப்பது நல்லது. நரம்போரம் கரும்பச்சைப் பட்டை, இலை நீண்டு கீழ்நோக்கிச் சுருளுதல், இரண்டும் பீன்ஸ் தேமலின் முகம்.

அறிகுறி: பீன்ஸில் தேமலே இல்லை, செடி திடீரென்று நுனி கருகிச் சாகிறது

இதில்தான் எதிர்ப்பு மரபணுவே செடியைக் கொல்லும். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பீன்ஸில் 'ஐ' என்று பெயரிட்ட ஒரு மரபணு உண்டு. ஒரே ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும், ஓங்கு மரபணு. உலகம் முழுக்கப் பீன்ஸ் ரகங்களில் பல தலைமுறைகளாக இதைத்தான் புகுத்தினார்கள். சாதாரண பீன்ஸ் தேமல் வைரஸ் வந்தால் 'ஐ' உள்ள செடி அதை நுழைந்த இடத்திலேயே அடக்கிவிடும், விதைக்குள்ளும் போகவிடாது. விதை வழிப் பரவல் நின்றதே பெரிய வரம்.

ஆனால் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் இந்த வைரசின் உறவினர் ஒன்று பரவலாக இருக்கிறது: பீன்ஸ் தேமல் கருகல் வைரஸ். ஒரு காலத்தில் இதைச் சாதாரணத் தேமல் வைரசின் ஒரு வகை என்றே வைத்திருந்தார்கள். பிறகுதான் தனி வைரஸ் என்று பிரித்தார்கள். இது வந்தாலும் 'ஐ' மரபணு விழித்துக்கொள்கிறது, வைரஸ் இருக்கும் திசுவைச் சாகவிடுகிறது. ஆனால் வைரஸ் அதற்குள் சாற்றுக் குழாய்களில் இறங்கி ஓடியிருக்கும். செடி அதன் பின்னாலேயே தன் குழாய்களைக் கொன்றுகொண்டு போகிறது. கொழுந்து வாடும், நுனி கருகும், வேர் கறுக்கும். 'கருவேர்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

உறுதிசெய்ய பிளேடை எடுங்கள். சாகும் செடியின் தண்டை நீளவாக்கில் பிளந்தால் நடுவே பழுப்பும் கறுப்புமாகக் கோடு ஓடும். காயைப் பிளந்தால் அதன் முதுகுக் கோட்டை ஒட்டியும் அதே கோடு இருக்கும். வேரழுகல் பூஞ்சாணமாக இருந்தால் அடியிலிருந்து வெளித்தோல் அழுகி மேலே வரும், துர்நாற்றமும் வரலாம். கருவேரில் தோல் நன்றாக இருக்கும், உள்ளே மட்டும் கறுத்திருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் பூஞ்சாண மருந்தை வேரில் ஊற்றினால் மருந்தும் பணமும் மண்ணோடு போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணத் தேமல் வைரசின் சில வகைகளே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது 'ஐ' செடியில் இதே கருகலை உண்டாக்கும். கருகல் வைரசுக்கு வெப்பம் தேவையில்லை, குளிரிலும் கொல்லும். ஆகவே கருகல் வந்த வாரத்தின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள்.

தீர்வும் மரபணுவில்தான் இருக்கிறது. 'பிசி-3' போன்ற ஒடுங்கு மரபணுக்களை, அதாவது இரண்டு பிரதியும் இருந்தால்தான் வேலை செய்பவற்றை, 'ஐ'யோடு சேர்த்துவிட வேண்டும். 'பிசி-3' வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. வைரஸ் தன் புரதங்களைச் செய்துகொள்ளச் செடியின் எந்திரத்தைத்தான் இரவல் வாங்குகிறது. அந்த எந்திரத்தின் ஒரு பாகத்தைப் பிடித்துத் தொங்கினால்தான் அதற்கு வேலை நடக்கும். 'பிசி-3' செடியில் அந்தப் பாகத்தின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கிறது. செடியின் சொந்த வேலை நடக்கிறது, வைரசின் பிடி மட்டும் வழுக்குகிறது. வைரஸ் பெருகவே இல்லை என்றால் 'ஐ'க்குச் செடியைக் கொல்லும் அவசியமும் வராது. 'ஐ'யும் 'பிசி-3'உம் சேர்ந்த செடி கருவேரால் சாகாது. ஒன்று குரைக்கும் நாய், இன்னொன்று பூட்டிய கதவு. கதவு பூட்டியிருந்தால் நாய் வீட்டுக்காரரைக் கடிக்கும் நிலை வராது.

ஒடுங்கு மரபணு என்பதால் கலப்பில் ஒரு கவனம் தேவை. சாதாரண ரகத்தோடு கலந்தால் முதல் தலைமுறைச் செடி எல்லாம் நோய்க்கு ஆளாகும். அதைப் பார்த்து 'எதிர்ப்பு போய்விட்டது' என்று தூக்கிப் போட்டால் எல்லாம் முடிந்தது. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு செடியில் எதிர்ப்பு திரும்பி வரும்.

உளுந்து, பாசிப்பயறு மஞ்சள் தேமல் எதிர்ப்பு பற்றி வெளிவந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு கலப்பில் ஓங்கு மரபணு என்கிறார்கள், இன்னொன்றில் ஒடுங்கு, வேறொன்றில் இரண்டு ஒடுங்கு. பெற்றோர் வேறு, ஊர் வேறு, வைரஸ் வேறு என்பதால் இதில் வியப்பில்லை. விதை எடுப்பவருக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்: ஒரு தலைமுறைச் செடி பச்சையாக நின்றதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதன் பிள்ளைகளையும் பாருங்கள்.

அறிகுறி: சில வருடம் சுத்தமாக நின்ற ரகம், இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள்

முதலில் விதையைச் சந்தேகப்படுங்கள், பிறகு வைரசை. சொந்த விதையையே நான்கைந்து வருடம் திருப்பித் திருப்பிப் போட்டிருந்தால் வருடத்துக்கு வருடம் கலவன் ஏறியிருக்கும். புதிதாகச் சான்று விதை 1 கிலோ வாங்கி, அதே வயலில், அதே நாளில் பக்கத்தில் போடுங்கள். புது விதை பச்சை, பழைய விதை மஞ்சள் என்றால் கலப்பு. இரண்டும் ஒரே அளவு மஞ்சள் என்றால்தான் வைரஸ் மாறியிருக்கலாம். அப்போது அந்தச் செடிகளைக் காகிதத்தில் சுற்றி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். அது உங்கள் வயல் செய்தி மட்டும் இல்லை, அடுத்த ரகம் செய்பவர்களுக்குத் தேவையான செய்தி.

விதைக்கு முன்பே சோதிக்க நினைத்தால்

இயற்கையாக நோய் வருகிறதா என்று காத்திருந்தால் தப்பித்த செடிக்கும் எதிர்த்த செடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஈ வராத வருடத்தில் எல்லா ரகமும் எதிர்ப்பு ரகம்தான். ஆராய்ச்சி வயல்களில் சோதனை ரகங்களுக்கு நடுநடுவே நோய் எளிதில் பிடிக்கும் ரகத்தை ஒரு வரிசை நடுவார்கள், அதற்குப் பெயர் தொற்று வரிசை. நீங்களும் செய்யலாம். கோடையில், ஈ மிகுந்த சமயத்தில், கோ 5 ஒரு வரிசை, உங்கள் விதை இரண்டு வரிசை, மறுபடி கோ 5. கோ 5 முழுக்க மஞ்சளாகி உங்கள் வரிசை பச்சையாக நின்றால்தான் அந்தப் பச்சைக்கு மதிப்பு. மதிப்பெண் 1 முதல் 9 வரை போடுவது வழக்கம்: 1 என்றால் அறிகுறியே இல்லை, 9 என்றால் செடி முழுக்க மஞ்சள். இந்தச் சோதனையை விளைச்சல் வயலுக்கு நடுவில் வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள்.

பரிசோதனைக் கூடத்தில் ஈ இல்லாமலும் செய்ய வழி உண்டு. வைரசின் 'ஏ', 'பி' துண்டுகளை ஒரு மண் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, முளைகட்டிய விதையை ஊசியால் குத்தி அந்தக் கரைசலில் ஊறவைப்பார்கள். எந்த வைரஸ், எந்த 'பி' துண்டு என்று பிரித்துச் சோதிக்க முடிவது இதன் பலம். பீன்ஸ் தேமலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். நோய் இலையை அரைத்து, இலையில் லேசாகக் கீறல் விழும்படி பொடி தூவித் தேய்த்தால் வைரஸ் நுழைந்துவிடும்.

பிரேசிலில், மஞ்சள் தேமலைப் போலவே வெள்ளை ஈ பரப்பும் பீன்ஸ் பொன் தேமலுக்கு வலுவான இயற்கை எதிர்ப்பு கிடைக்காததால் அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபா மரபணு மாற்றிய பீன்ஸையே செய்தது, 2011-இல் அந்நாட்டு உயிரிப் பாதுகாப்பு ஆணையம் அனுமதியும் கொடுத்தது. நமக்கு உளுந்தில் அந்த நிலை வரவில்லை. காட்டு உளுந்திலும், உளுந்தின் உறவுப் பயிரான நெற்பயறிலும் எதிர்ப்பு இன்னும் இருக்கிறது.

அந்தப் பெரியவர் 9 சதவீதச் செடியையும் ஆள் விட்டுப் பிடுங்கினார், ஒரு நாள் கூலி ஆனது. பச்சைச் செடிகளில் மயிரில்லாத காய் உள்ளவற்றுக்கு மட்டும் சணல் கட்டி, முற்றியதும் அவற்றைத் தனியாக அறுத்து, தார்ப்பாய் விரித்துத் தனியாக அடித்தார். 3 படி கிடைத்தது. அதைப் புது மண்பானையில் போட்டு, ரகத்தின் பெயரையும் தேதியையும் சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறார்.